நம் வெப்சைட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்றெழுத்து



சென்ற பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்தபோது, "வெப்சைட் பி.எச்.பி. பதிப்பு மாற்றிய செலவு" என்று ஒரு வரி வந்தது. லிஃப்ட் சர்வீஸ், சம்ப் சுத்தம் செய்தது, ஜெனரேட்டர் டீசல் எதைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு வரிக்கு மட்டும் நாலைந்து கைகள் உயர்ந்தன. பி.எச்.பி. என்றால் என்ன? இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்? இலவசம் என்றுதானே முதலில் சொன்னார்கள், இப்போது எதற்குப் பணம்? மூன்றும் நியாயமான கேள்விகள். அன்று பதில் சொல்ல நேரம் இல்லாததால், "ஓய்வு பெற்றவர், எழுதுவார்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் என் படிப்பு அல்ல. இந்த மூன்று மாதத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். நம் குடியிருப்பில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கீழ்த்தளத்தில் நோட்டீஸ் போர்டு இருக்கிறதல்லவா? அதில் ஒட்டிய தாளை யார் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். தொடக்க காலத்தில் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. எழுதி ஒட்டிவிட்டால் முடிந்தது. வங்கி பாஸ்புக் அப்படி அல்ல. பக்கத்தின் கட்டங்கள் எல்லோருக்கும் ஒன்று, உள்ளே விழும் எண்கள் ஆளுக்கு ஆள் வேறு. நீங்கள் நம் தளத்தில் பிளாட் எண்ணைப் போட்டதும் உங்கள் பராமரிப்புக் கட்டண பாக்கி மட்டும் வருகிறதே, அது பாஸ்புக் வகை. கட்டம் போட்ட தாளை எடுத்து, லெட்ஜரைப் புரட்டி, உங்களுக்குரியதை மட்டும் நிரப்பிக் கொடுக்க உள்ளே ஒரு கிளார்க் வேண்டும். அந்த கிளார்க்குக்கு உத்தரவு எழுதும் மொழிதான் பி.எச்.பி. அது உங்கள் போனில் ஓடுவதில்லை. எங்கோ இருக்கும் சர்வரில் ஓடி, விடையை மட்டும் உங்களுக்கு அனுப்புகிறது. அதனால்தான் அதன் பெயரே நமக்குத் தெரியாமல் போயிற்று.

இதைத் தொடங்கியவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். கிரீன்லாந்தில் பிறந்து, டென்மார்க்கிலும் கனடாவிலும் வளர்ந்தவர். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தது 1993-ல். வேலை தேடும் இளைஞர்கள் எல்லோரையும் போல அவரும் தம் தகுதிகளைப் பட்டியலிட்டு இணையத்தில் ஒரு பக்கம் வைத்தார். அதை யாராவது வந்து பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. 1994-ல் அதற்காகச் சில சின்ன நிரல்களை எழுதிக்கொண்டார். புதிய மொழி ஒன்றை உண்டாக்கும் எண்ணம் எதுவும் அப்போது இல்லை. அந்தக் கருவிகளுக்கு அவர் வைத்த பெயர் "பர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்". அதன் முதலெழுத்துகள்தான் பி.எச்.பி. வேலை தேடுகிறவனின் பயோடேட்டாவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணப் பிறந்தது இது. பிறப்பு இவ்வளவு சாதாரணம்.

1995 ஜூன் 8 அன்று அவர் அந்த நிரல்களை ஊருக்கெல்லாம் அறிவித்தார். நிரலை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தவில்லை, அது எழுதப்பட்ட மூல வரிகளையும் சேர்த்துத் திறந்து வைத்தார். எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம். சமையல் குறிப்போடு பலகாரம் கொடுப்பது மாதிரி.

அந்த முதல் காலத்தின் கைவேலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கை உண்டு. 2013-ல் லெர்டார்ஃபே சொன்னது. கட்டளைகளின் பெயர்களை உள்ளே அடுக்குவதற்கு அவர் பெயரின் நீளத்தைப் பயன்படுத்தினாராம். அதாவது, வங்கியில் நாலெழுத்துப் பெயர் உள்ளவர்களின் லெட்ஜர் ஓர் அலமாரி, ஐந்தெழுத்துக்காரர்களுடையது இன்னோர் அலமாரி என்று வைப்பது போல. ஒரே அலமாரியில் கூட்டம் சேராமல் இருக்க, கட்டளைகளுக்கு வேண்டுமென்றே பல நீளங்களில் பெயர் வைத்தார். இன்றைக்கும் அந்த மொழியில் சில கட்டளைப் பெயர்கள் முழம் நீளம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த "நீளத்தை எண்ணும்" சமாசாரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் நம் தமிழுக்கே வரப்போகிறது.

ஒருவர் கைவேலை ஊர் பொதுச்சொத்தானது 1997-ல். இஸ்ரேலின் டெக்னியன் கல்லூரியில் ஆண்டி குட்மன்ஸ், சீவ் சுராஸ்கி என்று இரண்டு மாணவர்கள். படிப்புக்கான ஒரு வியாபாரத் தளத்தை இந்த மொழியில் கட்டப் பார்த்தார்கள். பளு தாங்கவில்லை. குறை சொல்லிவிட்டுப் போகாமல் அதன் உள்ளிருப்பை மறுபடி எழுதினார்கள். லெர்டார்ஃபும் "என் பிள்ளை, நீ யார் தொட" என்று சொல்லவில்லை, கூடச் சேர்ந்துகொண்டார். 1998 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்தது. அது உச்சத்தில் இருந்தபோது இணைய சர்வர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் ஏறியிருந்தது. பிறகு அந்த இருவரின் பெயர்களையும் கலந்து "ஜெண்ட்" என்று ஒரு நிறுவனம் உண்டாகி, 2000 மே மாதம் நான்காம் பதிப்பு வந்தது. உரிமையாளர் ஒதுங்கி வழிவிட்டதால் வளர்ந்த தொழில்களை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறோம், வழிவிடாததால் மூடியவற்றையும் பார்த்திருக்கிறோம். லெர்டார்ஃபின் பெரிய சாதனை நிரல் எழுதியது அல்ல, 1997-ல் அந்த இருவரிடம் சரி என்று சொன்னதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அது ஏன் இவ்வளவு பரவியது? எங்கள் வங்கி அனுபவத்தை வைத்தால் எனக்கு எளிதாகப் புரிகிறது. 1983-ல் வங்கி ஊழியர் சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் மெஷின்கள் பற்றி ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகுதான் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் மெதுவாக வந்தது. ஒரு மெஷின் வர வட்டார அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஏ.சி. அறை வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அதில் ஒரு ரிப்போர்ட்டில் ஒரு காலம் கூட்ட வேண்டும் என்றால்கூட, விற்ற நிறுவனத்திலிருந்து ஆள் வரும் வரை காத்திருப்போம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள உரிமையும் இல்லை.

பி.எச்.பி. இதற்கு நேர் எதிர். விலை இல்லை. லினக்ஸ், அப்பாச்சி, மைசீக்குவல் என்று அதே காலத்தில் வந்த மற்ற இலவசச் சாமான்களோடு நன்றாகப் பொருந்தியது. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சின்னத் தளங்களைக் குடிவைத்து மாதம் கொஞ்சம் வாடகை வாங்கும் ஹோஸ்டிங் கடைகள் எல்லாம் இதையே நிறுவி வைத்தன. அந்தச் சர்வர்களும் நம் அடுக்குமாடி போலத்தான், ஒரே கட்டடம், பல குடித்தனம், பொதுக் குழாய். ஏற்கெனவே எழுதிவைத்த பக்கத்தின் நடுவே இரண்டு வரி பி.எச்.பி.யைச் செருகினால் போதும், பக்கம் உயிர்பெற்றுவிடும். முன்பிருந்த முறையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கிளார்க்கை வீட்டிலிருந்து வரவழைத்து, வேலை முடிந்ததும் திருப்பி அனுப்புவது போல சர்வர் திணறும். பி.எச்.பி.யோ சர்வருக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. இலக்கணப் பிழை கொஞ்சம் இருந்தாலும் முகம் சுளிக்காமல் முடிந்த வரை வேலையை முடித்துக் கொடுக்கும். கல்லூரிக்குப் போகாதவர்கள்கூட இதை வைத்துத் தளம் கட்டினார்கள்.

அந்த இளகிய மனசுதான் அதன் வினையும் ஆயிற்று. முன்பு அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. இணைய முகவரியில் வெளியாள் எதைத் தட்டினாலும் அது நேராக உள்ளே இருக்கும் கணக்கில் ஒரு தலைப்பாகப் பதிவாகிவிடும். பணம் கட்ட வந்தவர் சலானிலேயே "என் இருப்பு ஒரு லட்சம்" என்று எழுதி நீட்ட, கிளார்க் அதையே லெட்ஜரில் ஏற்றினால் எப்படி இருக்கும்? எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்? 2002-ல்தான் அந்த ஏற்பாட்டை இயல்பாக மூடிவைத்தார்கள். அடியோடு எடுத்தது 2012-ல். இடைப்பட்ட பத்து வருடத்தில் கவனமில்லாமல் கட்டிய எத்தனையோ தளங்களில் திருடர்கள் புகுந்தார்கள். "பி.எச்.பி. என்றாலே ஓட்டை" என்று இன்றும் சிலர் முகம் திருப்புவது அந்தக் காலத்து ஞாபகம்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியபோது வேறொரு மொழியில் எழுதிய நிரலில் ஓடியது. கூட்டம் கூடக்கூட அது தாங்கவில்லை. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழக மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே அதற்காகவே பி.எச்.பி.யில் புதிய நிரல் ஒன்றை எழுதினார். 2002 ஜனவரியில் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று மீடியாவிக்கி என்று சொல்லப்படும் மென்பொருள். 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது அதே அடித்தளத்தின் மேல்தான்.

தொடங்கியது என்றால் வெறும் முகவரிதான், வீட்டுக்குள் ஒரு பாத்திரமும் கிடையாது. பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலத்தில். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் அப்போது அபுதாபியில் வேலை பார்த்தவருமான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் வந்து உட்கார்ந்து, அந்தச் சொற்களில் மிகப் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். பிறகு கட்டுரைகளையும் ஆயிரக்கணக்கில் எழுதினார். அவருக்கு 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் வழங்கியது.

அந்தத் தமிழாக்கம் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஒரு பி.எச்.பி. கோப்புக்குள். மீடியாவிக்கியைக் கட்டியவர்கள் வேலை செய்யும் நிரலையும், திரையில் தெரியும் சொற்களையும் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சொற்கோப்பு. இடப்பக்கம் ஓர் அடையாளப் பெயர், நடுவே ஓர் அம்புக்குறி, வலப்பக்கம் அந்த மொழியின் சொல். நாங்கள் போட்ட இரட்டைப் பதிவு மாதிரியே இருக்கிறது. ஆங்கிலத்தில் எடிட் என்பதற்கு எதிரே "தொகு". பொருள்வாரிப் பிரிவுக்கு எதிரே "பகுப்பு". இன்று லட்சக்கணக்கானோர் யோசிக்காமல் சொடுக்கும் சொற்கள் அப்படி ஒரு பதிவேட்டில் வரி வரியாக ஏறியவை. நிரலைத் தொடத் தேவை இல்லாததால், நிரல் தெரியாத தமிழறிந்தவர்களும் அந்த வேலைக்கு வர முடிந்தது. இந்தச் சொற்கள் பிறகு வேறு வகைக் கோப்புகளுக்கு மாறிவிட்டன. ஏற்பாடு மாறவில்லை.

(கட்டளைகளையே தமிழில் எழுத முடியாதா என்று கேட்பீர்கள். அதற்கு முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய "எழில்" இருக்கிறது. அதில் திரையில் காட்டு என்பதற்குக் கட்டளை "பதிப்பி". பள்ளிப் பிள்ளைகள் கற்க ஏற்றது. அதன் கதை தனிக்கட்டுரைக்கு உரியது.)

2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்ததே, அதை ஒட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தியது. 2017-ல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. நம் நெய்க்காரப்பட்டிக்கும் அதில் பக்கம் உண்டு. தேடும்போது கவனம், சேலம் பக்கம் இன்னொரு நெய்க்காரப்பட்டி இருக்கிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் நூலகம் தளமும் இதே மீடியாவிக்கியில் நிற்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரியாத இடத்தில் ஏடுகளை வைக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு, காசில்லாமல் கைக்குக் கிடைத்த அலமாரி இது.

நம் சங்கத் தளம் நிற்பது வேர்ட்பிரஸ் மேல். அதுவும் பி.எச்.பி.தான், 2003-ல் வந்தது. உலகில் பத்து இணையதளங்களில் நான்குக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன.

சரி, எண்ணும் சமாசாரத்துக்கு வருவோம். நெய்க்காரப்பட்டி. எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்கள். நெ, ய், க், கா, ர, ப், ப, ட், டி. ஒன்பது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். இதையே பி.எச்.பி.யின் பழைய, சாதாரண நீளக் கட்டளையிடம் கேட்டால் 48 என்று சொல்லும்.

காரணம் இரண்டு அடுக்கில் இருக்கிறது. 1990-களில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. அந்தப் பத்திரிகையின் எழுத்துருவை இறக்காமல் திறந்தால் கோழி கிளறியது போல ஏதோ தெரியும், நினைவிருக்கிறதா? அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது யூனிகோட். உலக எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண். ஆனால் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். நம் நெடுங்கணக்கில் 247 எழுத்து. ஆகவே உயிர், அகரமேறிய மெய், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்து, மற்றதைச் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நம் இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் வரும். யூனிகோடில் "க" முதலில், அதன் மேல் புள்ளி வைத்தால் "க்". வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டிய கதை. இந்தக் கணக்கில் நெய்க்காரப்பட்டி 16 குறிகள். அடுத்த அடுக்கில், ஒவ்வொரு தமிழ்க் குறியையும் சேமிக்க இணையத்தில் வழக்கமாக மூன்று பைட்டுகள் ஆகின்றன. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். பதினாறை மூன்றால் பெருக்கினால் 48. லெர்டார்ஃபின் காலத்திலிருந்தே பி.எச்.பி. எண்ணியது பைட்டுகளைத்தான். எழுத்து என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

எண்ணிக்கை தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்கள். நம் மடலின் பழைய இதழ்களில் முகப்புப் பக்கத்துச் சுருக்கங்களின் கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி தெரிந்ததே, அது இதன் வேலை. வெட்டு, ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே விழுந்துவிடும். குறிகளை எண்ணி வெட்டும் வேறு கட்டளையைப் போட்டால் கேள்விக்குறி போய்விடும், ஆனால் வேறு தொல்லை. "பழனி" என்பதில் மூன்று போதும் என்று வெட்டினால் "பழன" நிற்கும். முருகன் ஊரில் உட்கார்ந்துகொண்டு பழனியின் கொம்பை ஒடிக்கலாமா? ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை ஒருநாளும் வராது. அதனால்தான் அதைத் தீர்க்கும் அவசரமும் அவர்களுக்கு வரவில்லை.

தீர்க்கப் பார்க்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005-ல் ஆந்த்ரேய் ஸ்மியெவ்ஸ்கி என்பவர் முன்னின்று, மொழியின் அடிவயிற்றிலேயே யூனிகோடைப் பதிக்கும் பெரிய வேலை தொடங்கியது. அதுதான் ஆறாம் பதிப்பு ஆகியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட முறையில் ஆங்கில எழுத்துக்கும் இரண்டு பைட்டுகள் செலவாயின. நினைவகம் வீங்கியது, வேகம் குறைந்தது, சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர்கள் களைத்துப் போனார்கள். 2010 மார்ச்சில் கைவிட்டார்கள். அதற்குள் ஆறாம் பதிப்பைக் கற்றுத் தரும் புத்தகங்கள் கடைக்கே வந்துவிட்டன. பிறக்காத பிள்ளைக்குக் காதுகுத்து. அந்தக் குழப்பம் வேண்டாம் என்று அடுத்த பெரிய பதிப்புக்கு ஏழு என்று பெயர் வைத்தார்கள். ஆறு என்று ஒன்று கிடையவே கிடையாது.

அதே 2010-ன் ஜூனில் தமிழக அரசு யூனிகோடை அரசு அலுவல்களுக்கான தரமாக ஏற்றது. எல்லாத் தமிழெழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ் 16 என்ற முறையையும் மாற்றாக அறிவித்தது. இங்கே கதவு திறந்த வருடத்தில் அங்கே கதவு மூடியிருக்கிறது.

ஃபேஸ்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004-ல் மாணவர் விடுதி அறையில் தொடங்கியதும் இந்த மொழியில்தான். வளர்ந்தபின் வேகம் போதாமல், 2010-ல் அதை வேறு மொழியாக மாற்றி ஓட்டும் கருவியையும், 2014-ல் ஹேக் என்று ஒரு கிளை மொழியையும் அவர்களே செய்துகொண்டார்கள். பங்காளி தனிக்குடித்தனம் போய் நன்றாக இருப்பதைப் பார்த்து மூத்த வீட்டுக்கும் ரோஷம் வந்தது. 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்பு முந்தையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். ஃபேஸ்புக்காரர்களின் கருவிக்குச் சில வருடம் மாறியிருந்த விக்கிப்பீடியாவும் 2019-ல் பி.எச்.பி.க்கே திரும்பியது.

எங்கள் வங்கியில் ஒரு வவுச்சரில் பாஸ் பண்ணும் அதிகாரியின் கையெழுத்து இருந்தால் கேஷியர் பணம் கொடுத்துவிடுவார். கையெழுத்து போலியானால்? 2021 மார்ச் 28 அன்று பி.எச்.பி.க்கு நடந்தது அதுதான். மூல வரிகளை வைத்திருந்த அவர்களுடைய சொந்த சர்வரில் யாரோ புகுந்து, லெர்டார்ஃபின் பெயரிலும் நிகிதா போபோவ் என்ற முக்கிய ஆளின் பெயரிலும் இரண்டு திருத்தங்களைச் சேர்த்தார்கள். "எழுத்துப்பிழை திருத்தம்" என்று குறிப்பு. உள்ளே இருந்தது திருட்டு வாசல். அது வெளியே போயிருந்தால், அதை ஏற்றும் ஒவ்வொரு சர்வரிலும் அந்த ஆள் நினைத்தபோது நுழையலாம். சேர்ந்து வேலை பார்ப்பவர்கள் திருத்தங்களைப் படிக்கும் வழக்கம் இருந்ததால் சில மணி நேரத்தில் பிடித்தார்கள். எந்தப் பதிப்பிலும் அது வெளியாகவில்லை. ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று வங்கியில் எங்களுக்கு அலுக்க அலுக்கச் சொன்னது இதற்குத்தான்.

அதே ஆண்டில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. சர்வர் மொழி தெரிந்த தளங்களில் முக்கால்வாசிக்கு நெருக்கமாக ஓட்டும் இந்த மொழியின் அடிப்பகுதியை முழுசாக அறிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கினார்கள். பள்ளி மாணவனாக இருந்தபோதே 2011-ல் உள்ளே வந்த அந்தப் போபோவ், மற்றொரு துறைக்குப் போகிறேன் என்றார். அப்போதுதான் எல்லோரும் விழித்தார்கள். வேர்ட்பிரஸால் பிழைக்கும் ஆட்டோமேட்டிக், ஜெட்பிரெய்ன்ஸ் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து 2021 நவம்பரில் பி.எச்.பி. அறக்கட்டளையைத் தொடங்கின. நன்கொடை வாங்கி, மொழியைப் பராமரிப்பவர்களுக்குச் சம்பளம் தருகிறது. தனி நபர்களும் கொடுக்கலாம்.

இலவசம் என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். அனுபவிக்க விலை இல்லை, பராமரிக்க ஆள் வேண்டும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் இலவசம், மோட்டார் இலவசமா? ஒவ்வொரு பதிப்புக்கும் இப்போது நாலு வருட ஆயுள். முதல் இரண்டு வருடம் எல்லாப் பிழைகளையும் திருத்துவார்கள். அடுத்த இரண்டு வருடம் பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைப்பார்கள். பிறகு அந்தப் பதிப்புக்குக் காவல் கிடையாது. நம் தளம் ஓடியது 7.4-ல். அதன் காவல் 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. உங்கள் பெயர், பிளாட் எண், போன் எண், பாக்கித் தொகை எல்லாம் அத்தனை நாளும் பூட்டு துருப்பிடித்த பீரோவில் இருந்தன. பழைய கட்டளைகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் திருத்தியவருக்குக் கொடுத்த கூலிதான் நீங்கள் கேட்ட அந்த வரி. மொழிக்கு நாம் ஒரு பைசா தரவில்லை. தந்தாலும் தப்பில்லை என்பேன். ஆண்டுக்கு ஒருமுறை சின்னத் தொகை ஒன்றை அந்த அறக்கட்டளைக்கு அனுப்புவதைச் செயற்குழு யோசிக்கலாம்.

இப்போது நம் தளம் 2024 நவம்பரில் வெளியான 8.4-ல் ஓடுகிறது. அதற்கு 2028 டிசம்பர் வரை காவல் உண்டு. ஆறாம் பதிப்பு போனாலும் தமிழ் எழுத்தை எழுத்தாக எண்ணும் கட்டளைகள் ஒரு கூடுதல் பகுதியாக 2009-லேயே மொழியோடு சேர்ந்தே வரத் தொடங்கின. ஹோஸ்டிங் கடைக்காரர் அந்தப் பகுதியை இயக்கி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம்முடையதில் இயக்கச் சொல்லிவிட்டோம். 8.4-ல் அதில் இன்னொரு கட்டளை சேர்ந்திருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். நம் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வரும் விடை: நெ, ய், க், கா, ர, ப், ப, ட், டி.